கூப்பிட்டால்தான் போக முடியுமா?

பங்குனிக் கடைசியில் தேர்வுகள் முடிந்து, அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்கு முன் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு சின்ன இடைவெளி கிடைக்கிறது. இரவுச் சாப்பாட்டின்போது யாரோ ஒருவர், “காலைல எங்கயாவது போயிட்டு வரலாமா?” என்று கேட்கிறார். முன்பதிவு கிடையாது, தங்கும் இடம் பேசி வைக்கவில்லை. விடிவதற்குள் புளியோதரை கட்டியாகிவிடுகிறது. அப்படிக் கிளம்பும் வண்டி கடலுக்குப் போனாலும் மலைக்குப் போனாலும், வழியில் ஏதாவது ஒரு கோயில் வாசலில் நிற்காமல் திரும்புவதில்லை. ஊர் வந்ததும் பக்கத்து வீட்டில் சொல்வார்கள்: “நாங்க திட்டமே போடல. அவன் கூப்பிட்டான், போயிட்டு வந்தோம்.”

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் மூன்று வருடமாகத் திருப்பதிக்குப் போக நினைத்துக்கொண்டிருப்பவர். அவருடைய பதிலும் தயாராக இருக்கும்: “நமக்கு இன்னும் அழைப்பு வரலீங்க.”

சோம்பலுக்கும் சாக்காகிற பேச்சுதான் இது. ஆனாலும் அதற்குள் ஒரு பழைய கேள்வி இருக்கிறது. திடீரென்று ஒருவர் கிளம்பும்போது உண்மையில் முடிவெடுப்பது யார்? அவரா, அவரை எழுப்பி நடத்தும் வேறொன்றா?

தமிழ் வைணவம் இந்தக் கேள்வியை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டு இரண்டாகவே பிரிந்தது. குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையாருக்கு முதல் உதாரணம், பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலையாருக்கு இரண்டாவது. மனித முயற்சி மட்டுமே போதும் என்று வடகலையும் சொல்வதில்லை. அருள் இறங்குவதற்கு இவன் தரப்பிலிருந்து ஒரு வியாஜமாவது, அதாவது ஒரு சிறு சாக்காவது வேண்டும் என்கிறது. தென்கலையோ, அந்தச் சாக்கையும் அவனே தருவான் என்கிறது. இரண்டு தரப்பாரும் ஆசாரியராகக் கொண்டாடும் ராமானுஜர், மந்திரப் பொருள் கேட்டுத் திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார் என்கிறது குருபரம்பரை. பதினேழு முறையும் அங்கிருந்த ஆசாரியர் திருக்கோட்டியூர் நம்பி திருப்பி அனுப்பினார். பதினெட்டாவது முறை கதவு திறந்ததற்குக் காரணம் நடந்த கால்களா, நம்பியின் மனமா என்று இரு தரப்பும் இன்றுவரை வாதிடலாம்.

இந்த வாதத்தைப் புத்தகத்திலிருந்து இறக்கி ரயில் பெட்டியில் உட்கார வைத்துப் பார்க்க ஒரு பயணம் இருக்கிறது. 1896 ஆகஸ்ட் 29. மதுரை அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பதினாறு வயது வேங்கடராமன், ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதும் தண்டனையை இரண்டு முறை எழுதிவிட்டு, நோட்டை மூடி வைத்தான். கண்ணை மூடி உட்கார்ந்தவனை, இப்படி இருப்பவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்று அண்ணன் கடிந்துகொண்டார். பள்ளியில் தனி வகுப்பு இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினான். அண்ணனோ, பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துத் தன் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிட்டு வரச் சொன்னார். போக ஒரு சாக்கும் கையில் காசும் ஒரே நிமிடத்தில் கிடைத்துவிட்டன.

பழைய நிலப்படம் ஒன்றைப் பார்த்தான். திருவண்ணாமலைக்கு அருகே உள்ள ரயில் நிலையம் திண்டிவனம் என்று அதில் தெரிந்தது. மூன்று ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டு, மீதி இரண்டு ரூபாயை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் போனான். தந்தையைத் தேடி, அவர் கட்டளைப்படி கிளம்புவதாகச் சீட்டில் எழுதியிருந்தான். தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டிருந்தான். நிலையத்துக்குப் போனபோது ரயில் புறப்பட்டிருக்க வேண்டிய நேரம் கடந்துவிட்டது. அன்று ரயிலும் தாமதம்.

திண்டிவனத்துக்கு இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. கையில் மிச்சம் மூன்று அணா. பெட்டியில் இருந்த ஒரு மௌல்வி, திருவண்ணாமலைக்கே ரயில் இருக்கிறது, விழுப்புரத்தில் மாற வேண்டும் என்று சொன்னார். விழுப்புரத்தில் சாப்பாட்டுக் கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். மிச்சக் காசு மாம்பழப்பட்டு வரைதான் செல்லுபடியாயிற்று. அங்கிருந்து நடை. அரகண்டநல்லூர்க் கோயிலில் சிறிது நேரம். ஆற்றுக்கு அக்கரையில் கீழூர் வீரட்டானேசுவரர் கோயிலில் பசி. கோயில் பட்டர் சோறில்லை என்றபோது மேளக்காரர் தன் பங்குச் சோற்றைக் கொடுக்கச் சொன்னார். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பாடும் பலகாரப் பொட்டலமும் கிடைத்தன. காதில் இருந்த கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தான். விலாசம் எழுதிய சீட்டை உடனே கிழித்தெறிந்தான். செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலையில் இறங்கினான். பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அறிந்த அவர், 1950 ஏப்ரல் 14 அன்று மறையும் வரை அந்த ஊரை விட்டு எங்கும் போகவில்லை.

திடீர்ப் பயணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. ரமணருடைய சொந்த விளக்கமும் பூனைக்குட்டிப் பக்கம்தான் சாய்கிறது. 1898 டிசம்பரில் தாய் அழகம்மாள் பவழக்குன்றுக்கு வந்து, வீட்டுக்கு வா என்று அழுதபோது, மௌனத்தில் இருந்த மகன் ஒரு தாளில் பதில் எழுதிக் கொடுத்தார். அவரவர் வினைக்கு ஏற்ப அவனே ஆட்டுவிக்கிறான். நடக்காதது எவ்வளவு முயன்றாலும் நடக்காது, நடக்கப்போவது தடுத்தாலும் நிற்காது என்பது அதன் சாரம்.

ஆனால் அந்த மூன்று நாளை இன்னும் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். கிளம்பியது திடீர்தான், கிளம்பும் மனம் ஒரே நாளில் உண்டானதில்லை. முந்தைய ஆண்டு நவம்பரிலேயே ஊரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் வாயிலாக அருணாசலம் என்பது போய்ப் பார்க்கக்கூடிய ஊர் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பெரியபுராணத்தைப் படித்து நெகிழ்ந்திருந்தான். ஜூலையில் மதுரை வீட்டு மாடியில் மரண பயம் வந்து, அதற்குள் இறங்கிப் பார்த்து எழுந்திருந்தான். அதன்பின் பழைய மாணவனாக அவனால் இருக்க முடியவில்லை. பல மாதம் உள்ளே காய்ச்சியது ஒரு மதியத்தில் பொங்கிவிட்டது.

இரண்டாவது விஷயம், வழித்துணை. அழைத்தது அருணாசலமாகவே இருக்கட்டும். அந்த அழைப்பு மதுரையிலிருந்து திருவண்ணாமலை வரை போய்ச் சேர ஒரு மௌல்வியும், ஒரு கடைக்காரரும், ஒரு மேளக்காரரும், அடகு பிடித்த ஒரு பாகவதரும் வேண்டியிருந்தது. இவர்களில் பலருக்குப் பெயர்கூட வரலாற்றில் இல்லை. கூப்பிடுவது யார் என்று தத்துவம் கேட்கிறது. வழிவிட்டவர்கள் யார் என்று அது கேட்பதில்லை. பயணத்தைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விதான் கனமானது.

ரமணர் பசித்துக் கிடந்த அதே ஊர் இதற்கு இன்னொரு சாட்சியையும் வைத்திருக்கிறது. கீழூரைத் தன்னுள் கொண்ட, தென்பெண்ணைக் கரையில் உள்ள திருக்கோவலூர், இன்றைய பேருந்துப் பலகைகளில் திருக்கோவிலூர். காஞ்சியில் பிறந்த பொய்கையாழ்வாரும், கடல்மல்லையில் பிறந்த பூதத்தாழ்வாரும், மயிலையில் பிறந்த பேயாழ்வாரும் ஒருவரை ஒருவர் அறியாமல் தனித்தனியே திரிந்தவர்கள். ஒரு மழை இரவில் மூவரும் இந்த ஊரில் ஒரு வீட்டு இடைகழிக்கு வந்து ஒதுங்கினார்கள். ஒருவர் படுக்கலாம். இரண்டாமவர் வந்ததும் இருவர் உட்காரலாம் என்றானது. மூன்றாமவர் வந்ததும் மூவரும் நின்றார்கள். நாலாவதாக யாரோ நெருக்குகிறார்களே என்று மூவருக்கும் தோன்றியது. அந்த நெருக்கத்தில் பிறந்தவைதான் முதல் மூன்று திருவந்தாதிகள் என்பது வைணவ மரபு.

முன்கூட்டி ஏற்பாடு செய்துகொண்டு வந்திருந்தால் ஆளுக்கொரு வீட்டில் தங்கியிருப்பார்கள். திட்டம் இல்லாததால்தான் நெருக்கடி, நெருக்கடியால்தான் நாலாமவர். ஆனால் படுத்திருந்தவர் எழுந்து உட்காராமல் இருந்திருந்தால் எந்தத் திருவந்தாதியும் இல்லை. சுற்றுலா விளம்பரங்கள் திடீர்ப் பயணத்தைத் தனி மனிதச் சுதந்திரமாகக் காட்டுகின்றன. இந்தக் கதையில் அது பிறருக்கு இடம் கொடுப்பதாக இருக்கிறது.

இடம் கொடுக்க மறுத்தால் என்ன ஆகும்? ரமணர் சிறுவயதில் படித்த பெரியபுராணத்திலேயே அதற்கு ஆள் இருக்கிறார். ஆதனூர் நந்தனார் தில்லைக்குப் போக ஆசைப்பட்டவர். பிறந்த குலத்தை நினைத்துத் தயங்கி, நாளை போவேன், நாளை போவேன் என்றே நாட்களைக் கழித்தவர். அடியார் வரிசையில் அவருக்குத் திருநாளைப்போவார் என்றே பெயர். கடைசியில் போனார், தில்லை எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தார், உள்ளே நுழையவில்லை. இறைவன் கனவில் வந்து தீயில் மூழ்கி வரச் சொன்னதாகச் சேக்கிழார் பாடுகிறார். விடுப்புக் கொடுக்காத பண்ணையார் சேக்கிழார் பாட்டில் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரத்தில் சேர்த்த பாத்திரம் அது. பாரதியார் சேர்த்தது கற்பனை என்றாலும், தில்லைக்குப் போக வேண்டிய ஒருவனைத் தடுத்தது விதியோ அழைப்பின்மையோ அல்ல, இன்னொரு மனிதன்தான் என்பதைக் கேட்டவர் எல்லோருக்கும் புரியவைத்த கற்பனை.

இதை வைத்துப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரரின் “அழைப்பு வரல” வேறு மாதிரி ஒலிக்கிறது. மதுரை மீனாட்சி கோயிலுக்கு ஐந்து நிமிட நடையில் வாழ்ந்தும் உள்ளே போக முடியாதவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாதய்யர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட ஒரு சிறு குழு உள்ளே நுழைந்தது. அதற்கு முதல் நாள் வரை மீனாட்சி அவர்களைக் கூப்பிடவில்லை என்று யாராவது சொன்னால், அது மீனாட்சி மீது போடும் பழி.

பெண்களுக்கும் இதே கணக்குதான். நினைத்த நேரத்தில் கிளம்பும் உரிமை வீட்டில் பெரும்பாலும் ஆண்களுக்கே இருந்துவந்தது. பெண் கிளம்ப வேண்டுமானால் பணமும் கேட்க வேண்டும், அனுமதியும் கேட்க வேண்டும். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று தமிழக அரசு அறிவித்தபின், முதல் கேள்விக்கு அவசியம் குறைந்தது. சமையலை முடித்துவிட்டுப் பக்கத்து ஊர் அம்மன் கோயிலுக்குப் போய் மதியத்துக்குள் திரும்பும் பெண், யாரிடமும் சில்லறை கேட்கவில்லை. அருள் எந்த வாகனத்திலும் வரும் என்பவர்கள் இந்தப் பேருந்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

இதுவரை கதவு திறப்பதைப் பற்றி. எல்லோரும் ஒரே நாளில் திடீரென்று கிளம்பினால் என்ன நடக்கும் என்பது மறுபக்கம். திருமலை அதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவுச் சீட்டு மாதக்கணக்கில் முன்பே இணையத்தில் விற்றுப்போகிறது. சீட்டு இல்லாமல் வருகிறவருக்கும் சர்வதரிசனம் உண்டு. வைகுண்டம் வரிசை வளாகத்தில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். திட்டமிட்டவர் பணமாகக் கட்டுவதைத் திட்டமிடாதவர் நேரமாகக் கட்டுகிறார். சபரிமலை இன்னொரு துருவம். நாற்பத்தோரு நாள் விரதம் என்ற மரபே, திடீரென்று வராதே என்று சொல்லும் ஏற்பாடு.

மலைகளின் நிலைமை இதைவிடக் கடுமை. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் வேண்டும். அடுத்த கோடையில் எண்ணிக்கையும் கட்டுப்படுத்தப்பட்டது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலைச் சுதந்திரம் போயிற்று என்று புலம்பியவர்கள் உண்டு. ஊட்டிச் சாலையில் சித்திரை மாதத்தில் ஊர்ந்த வண்டி வரிசையைப் பார்த்தவர்களுக்கு, அது சுதந்திரமாக எப்போது இருந்தது என்ற சந்தேகமும் உண்டு. இடைகழியில் மூன்று பேர் நிற்கலாம். முன்னூறு பேர் வந்தால் இடைகழியே இடிந்துவிடும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. வார இறுதியில் மலையேற வந்திருந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல், மாசிக் காற்று, தப்பிக்க வழி தெரியாத சரிவு. கோவை வெள்ளியங்கிரியில் பிப்ரவரி முதல் மே வரை வனத்துறை பக்தர்களை அனுமதிக்கிறது. மூங்கில் கழியை ஊன்றி இரவோடிரவாக ஏழு மலை ஏறுகிறவர்களில், மூச்சுத்திணறியும் மாரடைப்பிலும் சிலர் இறந்த செய்தி அடிக்கடி வருகிறது. “கூப்பிட்டான், போனோம்” என்கிறவர்கள் இந்த இடத்துக்கு வந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். நல்லபடியாகத் திரும்பியதற்கு அழைப்பு காரணம் என்றால், திரும்பாததற்கு எது காரணம்? இதற்கு மரபில் வினை என்ற விடை இருக்கிறது. ஆனால் எரிந்த மலையின் முன் நின்று அதைச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் இருக்கக் கூடாது. அரசு சொன்ன விடை எளிமையானது. அனுமதி, வழிகாட்டி, குறித்த பாதை. 2024-ல் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது. மேளக்காரர் சோறு கொடுத்ததுபோல, வழிகாட்டி கூட வருவதும் வழித்துணைதான்.

இவ்வளவு சிரமப்பட்டு எதற்குப் போக வேண்டும் என்று கேட்ட மரபும் தமிழில் உண்டு. சிவவாக்கியர் போன்ற சித்தர்கள் கோயிலையும் தீர்த்தத்தையும் தேடி அலைகிறவர்களைக் கேலி செய்தார்கள். எங்கும் ஈசன் இருக்கிறான் என்று உணராதவனுக்குக் கங்கையில் குளித்தாலும் காவிரியில் குளித்தாலும் பயனில்லை என்று பாடியவர் சித்தர்கூட அல்ல, அப்பர். விசித்திரம் என்னவென்றால், இப்படிப் பாடிய அப்பர் வாழ்நாளெல்லாம் உழவாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தவர். முதிய வயதில் கயிலைக்கே புறப்பட்டார். கால் தேய்ந்தது, கையால் நகர்ந்தார், உடலால் ஊர்ந்தார். இந்த உடம்போடு கயிலை காண முடியாது, திரும்பு என்ற குரலுக்கு அவர் இணங்கவில்லை. கடைசியில் வடக்கே ஒரு குளத்தில் மூழ்கச் சொன்னது அந்தக் குரல். எழுந்தபோது திருவையாற்றுக் குளத்தில் இருந்தார். கண்ணில் பட்ட விலங்கும் பறவையும் இணை இணையாக வர, எல்லாம் சிவமும் சக்தியுமாகத் தெரிந்தன. ஆடி அமாவாசையில் திருவையாற்றில் அதைத்தான் கொண்டாடுகிறார்கள்.

தொலைதூரம் போய்த் திரும்பியவருக்குச் சொந்த நாட்டிலேயே கிடைத்தது கயிலை. அப்படியானால் புறப்படாமலேயே இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். சேக்கிழார் அந்தச் சௌகரியத்தை நமக்குத் தருவதில்லை. அவ்வளவு தூரம் ஊர்ந்த பிறகுதான் திருவையாறு கயிலையாகத் தெரிகிறது. தஞ்சையிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர் பேருந்தில் போகிறவருக்கு அது காவிரிக்கரை ஊர் ஒன்று, அவ்வளவுதான்.

ஆகவே இந்த இளவேனிலில் திட்டமில்லாமல் கிளம்ப நினைப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை. விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் போய், பள்ளிச்சிறுவன் நடந்த பாதையில் கொஞ்சம் நடந்து, ஆற்று நடுவே கபிலர் குன்றைப் பார்த்துவிட்டு உலகளந்த பெருமாள் கோயிலுக்குப் போகலாம். பாரி மகளை மலையமானிடம் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் தீப்பாய்ந்ததை, அங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் ராசராசன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. பௌர்ணமியில் திருவண்ணாமலை, பதினான்கு கிலோமீட்டர் சுற்று. வெயிலுக்குப் பயந்தவர்கள் இரவில் நடக்கலாம், கூட்டத்துக்குப் பயந்தவர்கள் அமாவாசைக்குப் போகலாம். கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே, கேரள எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் சித்திரா பௌர்ணமி ஒருநாள் மட்டும் திறக்கிறது. பளியன்குடி வழியாக நடந்து ஏறலாம், குமுளி வழியாக ஜீப்பில் போகலாம். அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் எந்த அழைப்பும் அடுத்த ஆண்டுதான்.

அதே பௌர்ணமியில் மதுரைக்குப் போகிறவர்கள் இந்தக் கேள்வி தலைகீழாகத் திரும்புவதைப் பார்க்கலாம். அங்கே பயணம் போகிறவர் சாமி. அழகர்மலையிலிருந்து கள்ளழகர் வேடத்தில் இறங்கி இருபது கிலோமீட்டர் வருகிறார். வழியெங்கும் நானூறுக்கு மேற்பட்ட மண்டகப்படிகள். தெருக்காரர்கள், சாதிச் சங்கத்தார், கடைக்காரர்கள், தனிக் குடும்பங்கள் என்று யார் பந்தல் போட்டு அழைத்தாலும் நின்று, தீபாராதனை வாங்கிக்கொண்டு நகர வேண்டும். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு வருகிறார், வருவதற்குள் தாலி கட்டியாகிவிடுகிறது, கோபத்தில் ஊருக்குள் வராமல் வைகையோடு திரும்புகிறார் என்று சனங்கள் சொல்கிறார்கள். கோயில் மரபோ, தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்க வருகிறார் என்கிறது. தாமதத்துக்குக் காரணம் கேட்டால் எதிர்சேவையில் நிற்கும் எந்த மதுரைக்காரரும் சொல்வார்: நானூறு இடத்தில் நிறுத்தினால் அவர் எப்படி நேரத்துக்குப் போவார்? விடிகாலையில் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்கி, இரவு வண்டியூர், மறுநாள் தேனூர் மண்டபம், அன்றிரவு ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம், பிறகு பூப்பல்லக்கு. திரும்பும் வழியிலும் அழைக்கிற பந்தல்களில் அவர் நின்றுதான் போகிறார்.